புரவலர் இல்லம்

பன்னீர் நகர், முதல் தெரு.
வியாழக்கிழமை மதியம், லுஹர் தொழுகைக்குப் பின்.

என் அன்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சாபிரா எழுதுகிறேன். இங்கே நானும் நம் பிள்ளை அப்ரினும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறதென்று கேட்டால் 'பரவாயில்லை' என்பீர்கள். அதனால் உங்களைக் கேட்காமல், விடுமுறையில் வந்திருக்கும் உங்கள் அறைக்காரர் உமர் பாருக்கைக் கேட்டேன். வேலை முடிந்து வந்ததும் சுவரில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். இரண்டு பாட்டில் தைலம் அனுப்புகிறேன். அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் தானம் செய்யாமல் நீங்களும் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் பேசுவது அத்தனையும் பக்கத்து அறையில் அப்ரினுக்குக் கேட்கும். அதுவும் போக, வீட்டில் திருடு போன நாளிலிருந்து நான் அந்தப் பேச்சை எடுத்தாலே 'சிக்னல் இல்லை' என்று வைத்துவிடுகிறீர்கள். இந்தக் கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். உமர் பாருக் விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறார். கவரை ஒட்டித்தான் அவர் கையில் கொடுப்பேன். நீங்களும் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

மழை பிடித்துவிட்டது. மேகமலைப் பக்கம் நாளெல்லாம் கறுத்தே கிடக்கிறது. மாடியில் பூசாமல் விட்ட சுவர் மறுபடி ஊறிவிட்டது, அப்ரினின் புத்தகங்களைக் கீழே கொண்டுவந்துவிட்டோம். பூசுவதற்கு ஆள் கேட்கலாமா என்று அவள் கேட்டாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். ஆறு வருடமாக இதையேதான் சொல்கிறேன், அவளும் ஆறு வருடமாகத் தலையாட்டுகிறாள். தெருவிலிருந்து பார்த்தால் முன்பக்கச் சுவரின் பெயிண்ட் மட்டும்தான் தெரியும் என்பது ஒரு வசதி.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீங்கள் விட்டு விட்டு வந்து போகிறவர். இந்தத் தெரு எப்படி மாறியது என்று உங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். நான் இருபது வருடமாக இங்கேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாம் வீடு கட்டி வந்தபோது இது திராட்சைத் தோட்டமாக இருந்த தடம்கூடப் போகவில்லை. பந்தல் நின்ற கல்தூண்களைப் பிடுங்கித்தான் ஆளாளுக்கு வேலி நட்டோம். பன்னீர் திராட்சை விளைந்த இடம் என்று பன்னீர் நகர் என்றே பேர் வைத்தார்கள். நாலு தெரு. அப்போது வீட்டைப் பார்த்து யாருடைய வருமானத்தையும் சொல்ல முடியாது. எல்லா வீடும் பூசாத செங்கல். விஜய்ராஜ் அண்ணன் ஏலக்காய்க் கடையில் கணக்குப்பிள்ளை. எதிர்வீட்டு நாகஜோதியின் வீட்டுக்காரர் பாண்டீஸ்வரன் திராட்சை மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் வெளிநாட்டில் புது விசாவில் முதல் வருடம். நாலாம் தெரு பவுனக்கா விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் பறிக்கப் போவார்கள். சம்பளத்தில் ஏற்ற இறக்கம் இருந்தது. ஆனாலும் மாசக் கடைசியில் ஒரு வீட்டில் சீனி இல்லையென்றால் அடுத்த வீட்டிலும் இருக்காது.

நகர் சங்கத்துக்கு வரி வாங்கியதும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் வாங்குவது போலத்தான். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. இருப்பவர், இல்லாதவர் என்ற பேச்சு இல்லை. அதனால் கூட்டத்தில் பவுனக்காவின் மகன் தவசி எழுந்து, எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் விளக்கு வரவில்லை என்று கேட்டால் தலைவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். பலதடவை திணறியிருக்கிறார்.

பிறகு வருமானம் பிரிந்தது. ஏலக்காய் விலை ஏறிய வருடம் விஜய்ராஜ் அண்ணன் சொந்தக் கடை போட்டார். பாண்டீஸ்வரன் மண்டிக்கே முதலாளி ஆனார். நீங்கள் குடோன் பொறுப்பாளர் ஆனீர்கள், நாம் மாடி எடுத்தோம். அந்த வருடம்தான் விஜய்ராஜ் அண்ணன் சங்கத் தலைவராகி, "இருக்கிறவக கூடக் குடுப்போம், இல்லாதவகளுக்குக் கொறச்சுக்குவோம், அதுதான நியாயம்" என்று கூட்டத்தில் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாலாம் தெருக்காரர்கள் கைதட்டினார்கள். வருமானத்தை வைத்து மூன்று தரம் என்று முடிவானது.

யாருக்கு என்ன வருமானம் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது, அவரவர் தரத்தை அவரவரே எழுந்து சொல்லவேண்டும் என்றார்கள். மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். அங்கேதான் எல்லாம் கெட்டது. பெண்ணை வைத்திருக்கிற எவன் எழுந்து நான் மூன்றாம் தரம் என்பான்? முதல் தெருவும் இரண்டாம் தெருவும் மொத்தமாக முதல் தரத்தில் போய் நின்றன. நீங்களும் போனில், "மொதத் தரம்னே சொல்லு சாபிரா, நாளைக்கு அப்ரினுக்கு மாப்பிள பாக்கணும்ல" என்றீர்கள். பவுனக்கா மட்டும், "எங்களுக்குத் தரமெல்லாம் வேணாம்யா, எப்பவும் போலத் தலக்கட்டு வரியவே வாங்கிக்கங்க" என்றார்கள். எல்லோரும் சிரித்துவிட்டு மூன்றாம் தரத்தில் எழுதிக்கொண்டார்கள்.

முதல் தரத்து வீடுகளுக்குத் தங்க நிறத்தில் தகடு அடித்துக் கொடுத்தார்கள். 'புரவலர் இல்லம்' என்று எழுதி, நாலு திருகாணி போட்டுக் கேட்டில் மாட்டினார்கள். அதன் பிறகு தவசி கூட்டத்தில் எழுந்தால், உங்கள் தெரு குறைத்துக் கொடுக்கிற தெருதானே என்று யாராவது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரு வருடம் பார்த்தான், பிறகு கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டான். அந்தத் தெருவுக்கு இன்னும் பாதி விளக்குதான்.

தகடு அப்படியே இருந்தது. வருமானம் இருக்கவில்லை. கொரோனாவில் பாண்டீஸ்வரன் மண்டி படுத்தது, எழவே இல்லை. உங்கள் கம்பெனி கைமாறிச் சம்பளம் பாதியாகி, புது விசாவுக்காக என் நகையையும் அப்ரினுக்கு வைத்திருந்ததையும் விற்றது நமக்கு மட்டும் தெரியும். நாலாம் தெருவிலோ எஸ்டேட்டில் கூலி ஏறியது. பவுனக்காவும் மருமகளும் பறிப்புக்குப் போகிறார்கள், சின்ன மகன் கூடலூரில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான், தவசி வயரிங் வேலையில் ஓயாமல் ஓடுகிறான். சேர்த்துப் பார்த்தால் இந்த முதல் தெருவில் பாதி வீட்டைவிட அந்த ஒரு வீட்டில் வருமானம் அதிகம். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். ஆவணியில் தவசி ஒரு ஜீப் வாங்கி மாலை போட்டுத் தெருமுனையில் நிறுத்தினான். ஆட்களை எஸ்டேட்டுக்கு அவனே ஏற்றிப் போகலாம் என்று. அன்றைக்கு நம் தெருப் பெண்கள் அந்த ஜீப்பைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் விஜய்ராஜ் அண்ணன் வீட்டில் திருடு போனது. அது உண்மையான திருட்டு. பின்பக்க ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே வந்திருக்கிறார்கள். அவர் வீட்டம்மா பவானி அக்காவின் வளையல் போனது, அவர்கள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த வாரத்திலேயே நாகஜோதி வீட்டில் பூட்டு உடைந்தது. நாற்பது பவுன் போய்விட்டதாகப் பேப்பரில் வந்தது. நான் ஆறுதல் சொல்லப் போனேன். அவள் முகம் திருடு கொடுத்தவள் முகம் மாதிரி இல்லை. ரொம்பநாள் காய்ச்சல் விட்டு எழுந்தவள் மாதிரி தெளிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். பீரோவுல வெறும் சேலதான் இருந்துச்சு. எல்லாம் எப்பவோ போயிருச்சு. இப்ப யாரும் எங்கனன்னு கேக்க மாட்டாகள்ல" என்றாள். பூட்டை உடைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. 

 தெருவில் ஆண்கள் தடியோடு சுற்றத் தொடங்கினார்கள். நாலாம் தெருவிலிருந்து நம் தெரு வழியாக மெயின் ரோட்டுக்குப் போகிற பாதையில் சங்கிலி கட்டினார்கள். கேமரா விற்கிறவன் வீடு வீடாக வந்தான். ஆனால் எல்லோரும் திருடனுக்குப் பயந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை, மச்சான். சில வீடுகள் விருந்தாளியை எதிர்பார்ப்பது போல அவனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு நம் வீடு. அன்று அப்ரினுக்கு மாமியாராக வரப்போகிற ரெஹானா மாமி கூப்பிட்டதற்காக நானும் அப்ரினும் உத்தமபாளையம் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். நாங்கள் போவது உங்களுக்கும் உங்கள் தம்பி இத்ரீஸுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தபோது வாசல் கதவின் பூட்டு உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. தெருவே நம் வீட்டு முன்னால் நின்றது. எனக்கும் முன்னால் வந்து நின்றவர் இத்ரீஸ் தம்பி. போலீஸிடம், மாப்பிள்ளை வீட்டில் நாம் சொல்லியிருந்த அதே முப்பத்தைந்து பவுன் என்று அவரே சொல்லி முடித்துவிட்டிருந்தார். நான் வந்து சேரும் முன் விஜய்ராஜ் அண்ணன் அதைப் பத்திரிகைக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகுதான் வீட்டை நிதானமாகப் பார்த்தேன். கதவுக்கு உள்ளே இருக்கிற கிரில் உடைபடவே இல்லை. சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். பீரோவில் இருந்த துணியெல்லாம் தரையில் கிடந்தன. ஆனால் துணிக்கு நடுவில் நான் வைத்திருந்த குர்ஆன், அதன் பச்சை உறையோடு, உயரத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்துத் தட்டில் இருந்தது. முதலில் அதை எடுத்து மேலே மரியாதையாக வைத்துவிட்டுத்தான் மீதியைக் கலைத்திருக்கிறார்கள். தொழுகை விரிப்பும் மடித்து ஓரமாக வைத்திருந்தது. திருட வந்தவனுக்கு இவ்வளவு அடக்கமா?  அப்ரின் பார்க்கும் முன் குர்ஆனை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கிரில்லுக்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில். இன்னொன்று நீங்கள் போனமுறை போகும்போது இத்ரீஸ் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனது. மறுநாள் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணனக் கேட்டுக்கங்க மதினி. அவுக சொன்னதச் செஞ்சேன்" என்றார்.  சாயா போட்டுக் கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டார்.

அன்று நீங்கள் போனில், "அழுகாத சாபிரா. அல்லாவாப் பாத்து ஒரு வழி விட்டுருக்கான். முப்பத்தஞ்சுன்னே கையெழுத்துப் போட்டுக் குடு" என்றீர்கள். வழி விட்டது யார் என்று அப்போதே எனக்குத் தெரியும். நீங்கள் கணக்குப் போட்டது தப்பாகவும் போகவில்லை. ரெஹானா மாமி அழுதுகொண்டே போன் செய்து, "நகையப் பத்தி இனிப் பேச்சே எடுக்காதீக. எங்களுக்குப் பொண்ணு போதும்" என்றார்கள். கல்யாணத் தேதியும் மாறவில்லை. அப்ரின் ஒரு வருடமாக இல்லாத சிரிப்போடு திரிகிறாள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்.

ஆனால் திங்கட்கிழமை தவசியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். திருடு போன மூன்று வீட்டுக்கும் வயரிங் செய்தவன் அவன்தானாம், உள் அமைப்பு தெரியுமாம். அதைவிடப் பெரிய சாட்சி அந்த ஜீப். நாலாம் தெருக்காரனுக்கு ஜீப் வாங்கப் பணம் ஏது என்று விஜய்ராஜ் அண்ணன் கேட்டிருக்கிறார், ஸ்டேஷனிலும் அதையேதான் கேட்கிறார்கள். உழைத்து வாங்கினான் என்று சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. நம் தெருக்காரர்களுக்கு அவன் வீட்டு வருமானம் நன்றாகத் தெரியும் என்று மேலே எழுதினேன். தெரிந்துகொண்டேதான் கேட்கிறார்கள்.

நேற்று பவுனக்கா வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றார்கள். "ஆத்தா, எம்மகன் ஒங்க வீட்டுல சோறு தின்னவன். நகையக் குடுத்துரு விட்டுர்றோம்னு சொல்றாகளாம். இல்லாத நகைக்கு நான் எங்கன போவேன்" என்று கேட்டார்கள். மகன் எடுக்கவில்லை என்ற அர்த்தத்தில்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். எனக்கு மட்டும் வேறு மாதிரிக் கேட்டது. ஜீப்பின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள், டயரையும் கிழித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் எழுத்தில் எதுவும் காட்டாமலே வைத்திருக்கிறார்களாம். நான் இன்னும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவில்லை. உடம்பு சரியில்லை என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். என்ன செய்யட்டும், மச்சான்?

சனிக்கிழமை இரவு, மஃரிபுக்குப் பின்.

வியாழக்கிழமையே இதை முடித்து ஒட்டிவிடலாம் என்றிருந்தேன். ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தேன், இனி அதைக் கேட்க வேண்டியதில்லை.

இன்று காலை பத்து மணிவாக்கில் போலீஸ் ஜீப் நம் வாசலில் வந்து நின்றது. தவசியை இறக்கினார்கள். எப்படித் திருடினான் என்று செய்து காட்டவேண்டுமாம். யாருடைய சட்டையையோ போட்டிருந்தான், அவன் அளவில்லை. பாதத்தை முழுதாகத் தரையில் வைக்காமல் விளிம்பால் நடந்தான். தெரு முழுக்க மாடியில் நின்று பார்த்தது. நாலைந்து பேர் போனில் படம் பிடித்தார்கள். சின்னப் பிள்ளைகளைக்கூட உள்ளே அனுப்பவில்லை.

கிரில்லைக் காட்டி எப்படித் திறந்தாய் என்று அதிகாரி கேட்டார். அவன் பூட்டைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "சாவி வேணும்லங்கய்யா" என்றான். தொழில் தெரிந்தவன், உள்ளதைத்தான் சொன்னான். அதற்கு ஓர் அறை விழுந்தது. பிறகு பீரோ முன்னால் நிறுத்தி, நகை எங்கே இருந்தது என்று கேட்டார்கள். மேல்தட்டைக் காட்டினான். இல்லை என்று மறுபடி அடித்தார்கள். கீழ்த்தட்டைக் காட்டினான். இத்ரீஸ் தம்பி அந்நேரம் வெளியே போய்விட்டார்.

அப்போது தவசி என் பக்கம் திரும்பினான். கோபமாகப் பார்ப்பான் என்று பயந்தேன். கோபமே இல்லை. ரொம்ப மெதுவாக, "சாபிராக்கா, நகை எங்கன இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிருங்க. அங்கயிருந்துதான் எடுத்தேன்னு நான் ஒத்துக்கிர்றேன். என்னால அடி தாங்க முடியலக்கா" என்றான்.

மச்சான், நான் சாகிறவரை அந்தக் குரல் என்னை விடாது. இல்லாத நகைக்கு நான் எந்த இடத்தைக் காட்டுவேன்? வாயைத் திறந்தேன். விஜய்ராஜ் அண்ணன் சட்டென்று குறுக்கே வந்து, "தங்கச்சிக்கு மயக்கம் வருது, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார். நாகஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் இன்னும் என் மணிக்கட்டில் பதிந்திருக்கிறது. "அக்கா, எம்புள்ள திரிஷாவையும் நெனச்சுப் பாருங்க" என்று காதில் சொன்னாள். நான் மூச்சு விட்டு நிமிர்வதற்குள் அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஏறும்போது தானாக ஏற முடியவில்லை, தூக்கித்தான் போட்டார்கள்.

சாயங்காலம் விஜய்ராஜ் அண்ணன் மறுபடி வந்தார், கூட இரண்டு பேர். ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார். "பேப்பர்ல வந்துருச்சும்மா. இப்பப் போயி ஒண்ணுமே இல்லன்னு சொன்னா, ஒவ்வொரு வீடாக் கேப்பாக. ஒவ்வொரு பீரோவாத் தொறக்கச் சொல்வாக. அதுக்கப்புறம் வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு இந்தத் தெருவுல நீங்க எப்படி இருப்பீக?" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் வீட்டில் போனது உண்மையான நகை. மற்ற வீட்டில் போனது என்ன என்று தெரியாத அளவுக்கு அவர் ஏமாளி இல்லை. போகும்போது கேட்டைச் சாத்திவிட்டு, தகட்டின் மேல் இருந்த மழைத்தண்ணீரைத் துண்டால் துடைத்துவிட்டுப் போனார். 

அதனால் முடிவு செய்துவிட்டேன். நாளை காலை உமர் பாருக் கையில் இதைக் கொடுத்துவிட்டு, பவுனக்காவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். என் வீட்டில் ஒரு குன்றிமணித் தங்கம்கூடக் கிடையாது, இரண்டு வருடத்துக்கு முன்பே விற்றாகிவிட்டது, கிரில்லைச் சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள் என்று சொல்லப்போகிறேன். அதற்குள் அவனுக்கு எதுவும் ஆகியிருக்கக்கூடாது. இந்த நேரத்தில் அங்கே போக ஒரு ஆட்டோக்காரர்கூட வரவில்லை, சங்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார்கள் போல. விடியட்டும், நடந்தாவது போகிறோம்.

இன்னொரு சாவி யாருடையது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரருடையது என்று சொல்வேன். அது உண்மை. அதற்கு மேல் உள்ளதை நீங்கள்தான் சொல்லவேண்டும். இத்ரீஸ் தம்பியை நானாகக் காட்டிக்கொடுக்கமாட்டேன், அவர் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். உங்களையும் காட்டிக்கொடுக்க என் நாக்கு எழாது. ஆனால் நீங்களாக ஒரு வார்த்தை பேசாவிட்டால் தவசி வெளியே வருவது கஷ்டம். அந்த வார்த்தையை நீங்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் சொல்லலாம். டிக்கெட் எடுத்து வந்து சொன்னால் இன்னும் நல்லது. வேலை போனால் போகட்டும். நம் வீட்டில் எது இல்லையோ அது இல்லை என்று நாம் இருந்து பழகிக்கொள்வோம்.

அப்ரினின் கல்யாணத்தை நினைத்து நான் அழாமல் இல்லை. ரெஹானா மாமிக்கு நாளை நானே போன் செய்வேன். அவர்கள் வேண்டாம் என்றால் அதைக் கேட்டுக்கொள்வேன்.

தவசி பேசியது அத்தனையையும் அப்ரின் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். இப்போது, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிரில் சாவியை என் இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தாவுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பிவிட்டாள். நிம்மதியாக என் மடியில் தலை வைத்துப் படுத்துத் தூங்கியும்விட்டாள். அவள் தலையின் பாரத்தோடுதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும், அவள் உங்களிடமே கேட்கும் நாளில் அவள் முகத்தைப் பார்க்கும் தைரியத்தையும் தரட்டும். இன்றிரவு தவசியின் உயிரை அல்லாஹ்வே காக்கட்டும். ஆமீன்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
சாபிரா.